கடலோரக் கேள்வி பதில்: ஆன்டிகுவா பாஸ்போர்ட்டும் மண்டபத்துப் பிறப்புச் சான்றும்

சென்ற இதழில் ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருந்தேன். நான் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளின் மேஸ்திரியாக, பதினொரு மாதம் வேலை செய்த சரக்குக் கப்பல் அது. அதன் பின்புறத்தில், கப்பல் பெயருக்குக் கீழே, 'செயின்ட் ஜான்ஸ்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அது ஆன்டிகுவா பார்புடா என்ற கரீபியன் தீவு நாட்டின் தலைநகரம். கப்பலின் முதலாளி ஜெர்மானியர். மாலுமிகள் நாங்கள் கீழக்கரை, தூத்துக்குடி, மணிலாக்காரர்கள். அந்தக் கப்பல் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த நாட்டில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை, அதன் பார்புடா தீவில் நிலம் எல்லோருக்கும் பொது என்றும் ஒவ்வொரு வரி சேர்த்திருந்தேன். இவ்வளவுதான் எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த நாட்டைப் பற்றியே கேட்கின்றன. பாஸ்போர்ட், குடியுரிமை, நிலம், கிரிக்கெட் என்று பல திசைகளிலிருந்து கேள்விகள். ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முத்து வியாபாரம், உப்பளம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் துபாயில் பன்னிரண்டு ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறான். ஓர் ஏஜென்ட் அவனுக்கு ஆன்டிகுவா பாஸ்போர்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியவராது என்கிறார். தொண்டியில் இருக்கும் தென்னந்தோப்பை விற்றால் பாதிப் பணம் தேறும். விற்கலாமா?
– வாசகர், தொண்டி

விற்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வருகிறது.

ஏஜென்ட் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஆன்டிகுவா பார்புடா தன் குடியுரிமையைப் பணத்துக்குத் தருகிறது. அது திருட்டு வேலை அன்று. 2013-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அதற்கென ஓர் அலுவலகம் வைத்து நடத்துகிற திட்டம். இதே வழியில் பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸ் நெவிஸ் 1984-லேயே இறங்கிவிட்டது. டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் லூசியா ஆகியவையும் செய்கின்றன. ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துப் போட்டி போட்டார்கள். பிறகு 2024-இல் நான்கு நாடுகள் உட்கார்ந்து பேசி, இரண்டு லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழே போவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. ஆன்டிகுவாவின் தேசிய வளர்ச்சி நிதிக்குக் கட்ட வேண்டிய தொகை அந்த ஆண்டு 2,30,000 டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி. விசாரணைக் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் தனி. இது நன்கொடைக் கணக்கில் போகும் பணம், திரும்பி வராது.

மற்றப் பாதி பொய். அந்தப் பொய்தான் உங்கள் மகனைக் கவிழ்க்கும். ஆன்டிகுவாவின் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, ஓர் இந்தியர் தானாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது என்கிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, கடிதம் அனுப்ப வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்காமல் அதில் பயணம் செய்தால் குற்றம். யாருக்கும் தெரியாது என்பது ஏஜென்ட் தன் கமிஷனுக்காகச் சொல்லும் வார்த்தை. பிடிபடும் அன்று விமான நிலையத்தில் அவர் இருக்கமாட்டார், உங்கள் மகன் இருப்பார்.

பிறகு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோகலாம். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அதில் குடியுரிமை இல்லை. திருவாடானைத் தொகுதியில் அவர் வாக்களிக்க முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. புதிதாக விவசாய நிலமோ தோப்போ விலைக்கு வாங்க முடியாது. இருக்கிற தோப்பை விற்றுக் குடியுரிமை வாங்கிவிட்டு, பத்து ஆண்டு கழித்து வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தோடு வந்து அதே தோப்பை மீட்கலாம் என்று அவர் எண்ணினால், அந்தக் கதவு அன்றைக்கு மூடியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை மிகவும் உறுத்தியது இந்த ஒரு செய்திதான்.

இன்னொன்று. அந்தப் பாஸ்போர்ட்டில் இத்தனை நாட்டுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று ஒரு பட்டியல் காட்டியிருப்பார்கள். அந்தப் பட்டியல் ஆன்டிகுவாவின் கையில் இல்லை, மற்ற நாடுகளின் கையில் இருக்கிறது. 2017 ஜூனில் கனடா ஆன்டிகுவாக்காரர்களுக்கு விசா கட்டாயம் என்று ஆக்கியது. 2023 ஜூலையில் பிரிட்டன் டொமினிக்காவுக்கு அதையே செய்தது. நேற்று பணம் கட்டியவருக்கும் ஐந்து தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. லண்டனில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டிய டொமினிக்கா மூதாட்டி, யாரோ விற்ற பாஸ்போர்ட்டுக்காக இன்று விசா வரிசையில் நிற்கிறார்.

அந்த நாடுகளை நான் பழிக்கமாட்டேன். கரும்பு ஒன்றையே நம்பியிருந்த தீவு ஆன்டிகுவா. 1970-களில் சர்க்கரை ஆலைகள் அடங்கிவிட்டன. இருப்பது கடற்கரையும் சுற்றுலாவும். ஒரு புயல் வந்தால் அதுவும் போய்விடும். அவர்கள் நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன விற்றிருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாங்குபவர் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஐந்து நாள் அங்கே தங்கினால் போதும் என்பதே பல காலம் விதியாக இருந்தது. பின்னொரு முறை வேறொரு கப்பலில் அங்கே போய்ச் சிமென்ட் இறக்கவே எங்களுக்கு இரண்டரை நாள் ஆனது. நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டில் உங்கள் மகனுக்கு ஒரு துன்பம் வந்தால், அவருக்காகக் குரல் கொடுக்கும் கடமை ஒரு லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டின் தலையில் விழும். இந்தியத் தூதரகம் அவரை வெளிநாட்டவர் என்றே எழுதும்.

துபாயில் வியாபாரம் செய்ய இந்தியப் பாஸ்போர்ட் போதுமே. பன்னிரண்டு ஆண்டுகள் அதை வைத்துத்தானே அவர் தலையெடுத்தார்?

மாலுமிப் பயிற்சி முடித்திருக்கிறேன். ஆன்டிகுவா கொடி ஏற்றிய கப்பலில் பத்து ஆண்டு வேலை செய்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா?
– வாசகர், பெரியபட்டினம்

கிடைக்காது, தம்பி. கப்பலுக்கு ஒரு நாடு, மாலுமிக்கு ஒரு நாடு. நீங்கள் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வாங்கும் சி.டி.சி. என்ற மாலுமிப் பணிப்பதிவுப் புத்தகமும் இந்தியப் பாஸ்போர்ட்டும்தான் எந்தக் கொடியின் கீழும் உங்கள் அடையாளம். கொடி நாடு உங்கள் தகுதிச் சான்றிதழை ஏற்று ஒரு மேலொப்பம் தரும். அதற்குமேல் ஒட்டும் உறவும் கிடையாது.

கடல்சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் அது ஏற்றியிருக்கும் கொடிக்குரிய நாட்டுக்கும் இடையே உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் அப்படி இருக்கிறது. நடைமுறையில், வரியும் செலவும் குறையும் என்பதற்காக முதலாளி தனக்கு வசதியான நாட்டில் கப்பலைப் பதிவு செய்கிறார். பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் வசதிக்கொடிப் பட்டியலில் ஆன்டிகுவாவும் உண்டு.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் கப்பலில் கடைசி நான்கு மாதச் சம்பளம் எங்களுக்கு வரவில்லை. ஒரு வடகடல் துறைமுகத்தில் நின்றோம். குளிர். வீட்டில் தங்கையின் நிக்காஹ் தேதி குறித்திருந்தார்கள். கம்பெனியைக் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். கொடியை அண்ணாந்து பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளை, நடுவில் எழுகிற மஞ்சள் சூரியன். அழகான கொடி. அந்த நாட்டில் எனக்கு யாரைத் தெரியும்? எந்தக் கதவைத் தட்டுவது? கடைசியில் சம்மேளனத்தின் இன்ஸ்பெக்டர் ஒருவர் மழைக்கோட்டோடு ஏணியில் ஏறி வந்து, எங்கள் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் படித்து, கப்பலை நகரவிடமாட்டேன் என்று சொன்ன பிறகு பணம் வந்தது. நிக்காஹ் முடிந்து பதினாறு நாள் கழித்து வீடு வந்தேன்.

இன்று நிலைமை கொஞ்சம் மேல். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2017 ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்தது. கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பல் முதலாளி காப்பீடு வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். ஏறிய முதல் நாளே தேடிப் படியுங்கள். தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் சென்னைக்கு வருகிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவர், உச்சிப்புளி

நல்ல கேள்வி. வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடே இல்லை. 1958-இல் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைத்தன. 1962-இல் அது கலைந்துவிட்டது. கிரிக்கெட் அணி மட்டும் கலையவில்லை. ஆகவே விவியன் ரிச்சர்ட்ஸ், ஆன்டி ராபர்ட்ஸ், கர்ட்லி ஆம்ப்ரோஸ், ரிச்சி ரிச்சர்ட்சன் ஆன்டிகுவாக்காரர்கள். பிரையன் லாரா டிரினிடாட். ஒரே தொப்பி, வேறு வேறு பாஸ்போர்ட். லாரா 1994-இல் 375 ரன், 2004-இல் ஆட்டமிழக்காமல் 400 ரன் எடுத்தது இரண்டும் செயின்ட் ஜான்ஸ் நகரத்து மைதானத்தில். 1986-இல் அங்கேதான் ரிச்சர்ட்ஸ் இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்தில் சதம் அடித்தார். நம் உச்சிப்புளியைப் போலவே வெயிலும் உப்புக்காற்றும் உள்ள ஒரு சின்னத் தீவு இத்தனை பேரைத் தந்திருக்கிறது. படிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், பந்தையும் விடாதீர்கள்.

ஒரு லட்சம் பேர்கூட இல்லை என்கிறீர்கள். நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். அவ்வளவு சிறிய நாடு எப்படி ஓர் அரசை நடத்துகிறது? நீங்கள் அங்கே இறங்கிப் பார்த்ததுண்டா?
– பள்ளி ஆசிரியை, ராமேஸ்வரம்

பார்த்தேன், அம்மா. வேறொரு கப்பலில், ஒரே ஒரு முறை, இரண்டரை நாள். துறைமுகத்துக்குள் நுழையும்போது மேட்டின்மேல் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வெள்ளையாகத் தெரியும். ஊரில் இறங்கி நடந்து சந்தைக்குப் போனேன். சோளமாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய களி ஒன்றை உருட்டி வைத்தார்கள். 'ஃபஞ்சி' என்று பெயர். பக்கத்தில் உப்பிட்டு உலர்த்திய மீன். களியும் கருவாடும்! ஐந்து மாதமாகக் கப்பல் சாப்பாடு சாப்பிட்டவனுக்கு அது ஊருக்கே வந்துவிட்டது போலிருந்தது. பரிமாறிய அம்மாவிடம் எங்கள் ஊரிலும் இதுதான் என்று சொன்னேன். இன்னொரு உருண்டை வைத்தார், காசு வாங்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1981 நவம்பர் 1-ஆம் தேதி அந்த நாடு விடுதலை பெற்றது. பிரிட்டிஷ் மன்னரே இன்றும் அவர்களுக்கும் மன்னர். அவருடைய பிரதிநிதியாக ஒரு கவர்னர் ஜெனரல் இருக்கிறார். கீழவையில் 17 தொகுதி உறுப்பினர்கள், அதில் ஒன்று பார்புடா தீவுக்கு. மேலவையில் 17 நியமன உறுப்பினர்கள். தனியாகச் செய்ய முடிந்ததைத் தனியாகவும், முடியாததை அண்டைத் தீவுகளோடு பங்கு போட்டும் செய்கிறார்கள். உயர் நீதிமன்றம் ஒன்பது நாடு, ஆட்சிப்பகுதிகளுக்குப் பொது. 1967-இல் அமைத்தது, தலைமையிடம் செயின்ட் லூசியாவில். ரூபாய்க்குப் பதில் கிழக்குக் கரீபியன் டாலர். அது எட்டு இடங்களில் செல்லும். அச்சிடும் மத்திய வங்கி செயின்ட் கிட்ஸ் தீவில் இருக்கிறது. 1976-லிருந்து இன்றுவரை ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற விலை மாறவில்லை. நம் ரூபாயைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இறுதி மேல்முறையீடு இன்னமும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. கரீபியன் நீதிமன்றத்துக்கு மாற்றலாமா என்று 2018 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்றார்கள்.

பாஸ்போர்ட்டிலும் இந்தப் பங்கு உண்டு. பல கரீபியன் நாடுகள் தத்தம் பாஸ்போர்ட்டின் அட்டையில் கேரிகாம் என்ற கூட்டமைப்பின் முத்திரையைப் பொதுவாக அச்சிடுகின்றன. 2005 ஜனவரியில் சுரிநாம் அதைத் தொடங்கி வைத்தது. கிழக்குக் கரீபியன் தீவுகளுக்குள் இன்னும் ஒரு படி மேல். வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் குடிமக்கள் தீவுவிட்டுத் தீவு போகலாம், தங்கலாம், வேலை செய்யலாம். தலைமன்னாருக்கு டிக்கெட் எடுத்துப் போய்வந்த தலைமுறை நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வகுப்பில் சொல்ல ஒரு கதையும் தருகிறேன். 1951-இல் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெதஸ்டா என்ற ஊரில் ஒரு புளியமரத்தடியில் கூட்டம். ஆம், நம் புளியமரமேதான். தொழிற்சங்கத் தலைவர் வி.சி. பேர்டு, தோட்ட முதலாளிகளின் பிரதிநிதியிடம், பட்டினி போட்டால் கடலோரத்து மட்டியையும் காட்டுக் கீரையையும் தின்போம், குளத்துத் தண்ணீரைக் குடிப்போம், பணிய மாட்டோம் என்ற பொருளில் பேசினார். அப்படியே செய்தார்கள், வென்றார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே பேர்டுதான் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர். பஞ்ச காலத்தில் மட்டி பொறுக்கித் தின்ற கதை நம் கரையில் எந்த வீட்டில் இல்லை?

அந்தப் பக்கம் தமிழர்கள் உண்டா?
– வாசகர், ஏர்வாடி

ஆன்டிகுவாவுக்குத் தெற்கே அடுத்த பெரிய தீவு குவாதலூப். பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை மறுத்தார்கள். ஹென்றி சிதம்பரம் என்பவர், 1863-இல் அத்தீவில் பிறந்தவர், 1904-இல் இதை எதிர்த்து வழக்கில் இறங்கினார். 1923-இல்தான் தீர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! இன்று குவாதலூப் தமிழ் வம்சாவளியினர் கையிலுள்ள பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பார்புடாவில் நிலம் எல்லோருக்கும் பொது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மெய்தானா? நாங்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்துப் பிழைப்பவர்கள். மூன்று தலைமுறையாக இருக்கும் குடிசைக்கு இன்னும் பட்டா இல்லை, புறம்போக்கு என்கிறார்கள்.
– பாசி எடுக்கும் பெண்கள் சார்பில் ஒருவர், சின்னப்பாலம்

2018 வரை சட்டப்படியும் மெய்தான், தங்கச்சி. தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் பார்புடா மக்கள். 1834-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, யாருக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படாத நிலத்தில் கூட்டாக ஆடு மேய்த்து, மீன் பிடித்து, பயிர் வைத்து வாழ்ந்தார்கள். அந்த வழக்கத்தையே 2007-இல் சட்டமாக எழுதினார்கள். தீவின் நிலம் பார்புடாக்காரர்கள் அனைவருக்கும் பொது, விற்கக் கூடாது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கு ஓரிடம், விவசாயத்துக்கு ஓரிடம், தொழிலுக்கு ஓரிடம் கேட்டுப் பெறும் உரிமை. வெளியார் பெரிய திட்டம் கொண்டுவந்தால் மக்களின் சம்மதம் வேண்டும்.

பிறகு 2017 செப்டம்பர் 6. இர்மா புயல். வீடுகளில் மிகப் பெரும்பாலானவை சேதம். இன்னொரு புயல் பின்னாலேயே வருகிறது என்று சொல்லி, தீவிலிருந்த அத்தனை பேரையும், ஏறத்தாழ 1,800 பேர், படகுகளில் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். தீவு வெறிச்சோடியது. மக்கள் அங்கே இல்லாத அந்த நாட்களில்தான் நிலச்சட்டத்தை மாற்றும் பேச்சு எழுந்தது. தனிப்பட்டா இருந்தால் வங்கிக்கடன் வாங்கி வீடு கட்டலாம் என்றது அரசு. பொது நிலம் போனால் கரை முழுவதும் விடுதிகளுக்குப் போய்விடும் என்றார்கள் மக்கள். 2018-இல் சட்டம் மாறியது. வழக்குகள் லண்டன் வரை போயின. மக்களோ திரும்பி வந்துவிட்டார்கள். கூரையில்லாத வீட்டில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள்.

இதை எழுதும்போது எனக்கு என் மாமி நினைவு வருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயலோடு அவருடைய தந்தை போனார். அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. மாமி பாம்பனில் இருந்தார், மண்டபத்தில் இருந்தார், கடைசியில் கீழக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் மணலைக் காட்டுவார். பார்புடாக்காரர்கள் திரும்பிப் போனார்கள் என்று படித்தபோது அதை அவருக்குத்தான் முதலில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க வீட்டுக் கிணறு இருந்துச்சா?" என்று கேட்டார்.

உங்கள் பட்டா விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனியாக மனுக் கொடுக்காதீர்கள். தெருவில் எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டாக, மின் இணைப்பு எண், ரேஷன் அட்டை எண், வீட்டு வரி ரசீது என்று ஒரே தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, கிராம சபைத் தீர்மானத்தோடு கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதற்கு 1986-இல் வந்த கடல் தேசியப் பூங்காவின் தடை வேறு விஷயம், அதையும் இதையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம்.

நான் மண்டபம் முகாமில் 1986 மார்ச்சில் பிறந்தேன். அப்பா அம்மா 1984-இல் இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்தவர்கள். என் கணவர் 1990-இல் சிறுவனாக வந்தவர். எங்கள் மகள் 2009-இல் இங்கே பிறந்தாள், பிளஸ் டூ படிக்கிறாள். ஆன்டிகுவாவில் பிறந்திருந்தால் நாங்கள் யார், இங்கே நாங்கள் யார் என்று சொல்வீர்களா?
– வாசகி, மண்டபம் முகாம்

இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

ஆன்டிகுவா அரசமைப்புச் சட்டப்படி, விடுதலைக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த பிள்ளை பிறந்த உடனேயே குடிமகன். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அப்பா எந்தப் படகில் வந்தார் என்று கேட்பதில்லை. அங்கே பிறந்திருந்தால் நீங்களும் உங்கள் மகளும் குடிமக்கள்.

இங்கே கணக்கு தேதியில் இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்த எவரும், இங்கேயும் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஆகவே, அம்மா, நீங்கள் இந்தியர். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன். உங்களைப் போல 1987-க்கு முன்பு முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. நாற்பது ஆண்டாக அகதி என்ற அட்டையோடு நடந்திருக்கிறீர்கள். மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், வெளியூர் போனால் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாழ்ந்திருக்கிறீர்கள். எவரும் ஒருநாளும் உங்கள் பிறந்த தேதியைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே என்பது என்னைச் சுடுகிறது. துபாய் ஏஜென்ட்டுக்கு இரண்டு கோடி கொடுக்கத் தயாராக நிற்கும் வீட்டிலிருந்து உங்கள் முகாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரப் பயணம்.

மகளுடையது கடினமான முடிச்சு. நீங்கள் இந்தியர் என்பது நிலைநாட்டப்பட்டால் பாதித் தகுதி வந்துவிடும். மீதி, உங்கள் கணவரைச் சட்டம் என்னவென்று அழைக்கிறது என்பதில் நிற்கிறது. பதிவு செய்யப்பட்ட அகதியைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லலாகாது என்பதே என் கருத்து. ஆனால் என் கருத்து போதாது, வழக்கறிஞர் வேண்டும். 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கையைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அந்த வழியும் இல்லை. ஆகவே முதலில் உங்களுடையதை முடிப்போம். அது முடிந்தால் மகளுக்கான வாதம் உங்கள் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கும்.

தேவையானவை இவை. 1986-இல் பதிவான பிறப்புச் சான்றிதழ். முகாமில் பிறந்தவர்களுக்குப் பதிவு மண்டபத்திலேயே இருக்கும், பெயர் சேர்க்காமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் பெயர் சேர்க்க மனுக் கொடுக்க வேண்டும். பெற்றோரின் முகாம் பதிவு அட்டை. உங்கள் பெயர் அதில் எந்த ஆண்டு ஏறியது என்ற நகல். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாலும் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதில் பிறந்த தேதி எழுதியிருக்கும். விண்ணப்பம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும். முதல் முறை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். நீதிமன்றத்துக்கு அந்தத் தாள்தான் தேவை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கீழக்கரையிலிருந்து புறப்படுகிறேன். மூன்றரை மணிக்கு முகாம் வாசலில் இருப்பேன். ராமநாதபுரத்திலிருந்து ஒரு வழக்கறிஞரும் உடன் வருகிறார், கட்டணம் கேட்கமாட்டார். 1987 ஜூலைக்கு முன்பு பிறந்தவர்கள் முகாமில் இன்னும் யார் யார் இருக்கிறார்களோ, எல்லோரையும் அவரவர் பிறப்புச் சான்றோடு வரச் சொல்லுங்கள். சான்று நனைந்து கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும்.